ஏரியில் ஒரு பாடகி

என் தம்பிக்கு ஆபீஸில் ‘காது’ என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்குகிறது. “காது வந்தாச்சா?”, “காதைக் கூப்பிடு”, “காது சொன்ன இடத்துல தோண்டு”, இதுதான் அங்கே பேச்சு. குடிநீர் ஆபீஸில் அவனுக்குக் கசிவு கண்டுபிடிக்கும் வேலை. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி வைத்திருப்பான். அதன் ஒரு முனையை ரோட்டில் ஊன்றி, மறுமுனையில் இருக்கும் மரக்குமிழில் காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வான். தரைக்கு அடியில் எந்த இடத்தில் குழாய் விட்டுப்போய்க் கசிகிறது என்று அந்தக் கம்பி அவனுக்குச் சொல்லிவிடும். செருப்புக் காலால் ஒரு கோடு இழுப்பான். அந்தக் கோட்டில் தோண்டினால் தண்ணீர் பொத்துக்கொண்டு வரும்.

அதற்காக, மனிதர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். சரியான கல்லுளிமங்கன். நாம் மூச்சுவிடாமல் பேசினால் கடைசியில் ஒரு ‘ம்’ வரும், அதுவும் சுவரைப் பார்த்து வரும். மிக்சி ஓடினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். அவன் பெண்டாட்டி என்னிடம் சொல்வாள், “அண்ணி, இவருக்கு நான் பேசறது கேக்கணும்னா ரோட்டுக்கு அடியில போய்ப் படுத்துக்கணும் போல.” சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். முழுச் சிரிப்பு இல்லை.

நான் அவனுக்கு அக்கா. அவன் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து எனக்குக் கொடுத்துவிட்டான் கடவுள் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். இருக்கட்டும். இதை அவன் வாயால் சொல்லப்போவதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

ஏரிக்கரையில் ஒரு பழைய வால்வைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி ஒருநாள் அவனை அனுப்பினார்கள். வால்வு நன்றாகத்தான் இருந்தது. கையில் கம்பி இருக்கிறதே, சும்மா இருக்க முடியுமா? அதைத் தண்ணீருக்குள் விட்டுக் காதை வைத்திருக்கிறான். அன்று சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்தான். மூன்று மாடி ஏறி வந்து மூச்சிரைக்க, நான் கேட்காமலே பேசினான்.

“அக்கா, உள்ள ஒரு ஊரே இருக்கு.”

“எதுக்குள்ளடா?”

“தண்ணிக்குள்ள. மேல பாத்தா ஒண்ணுமே இல்ல. உள்ள ஒரே கூச்சல்.”

எனக்கு அவன் பேசியதே பெரிய அதிசயமாக இருந்தது. பேய் கீய் பிடித்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

அதன்பிறகு அவன் விடியற்காலையில் ஏரிக்குப் போக ஆரம்பித்தான். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை இருக்கிறதே, அதைப் பிரித்தால் உள்ளே நாணயம் மாதிரி ஒரு பித்தளை வில்லை இருக்கும். அதில் ஒயரைப் பற்றவைத்து, சைக்கிள் ட்யூபைச் சுற்றி, பஞ்சர் பசையால் நீர் புகாமல் அடைத்து, தண்ணீருக்குள் கேட்கும் மைக் ஒன்றைத் தானே செய்தான். நீளக் குச்சியின் நுனியில் அதைக் கட்டித் தண்ணீருக்குள் விட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கோரைப்புல் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான். தூரத்தில் இருந்து பார்த்தால் தூண்டில் போடுகிறவன் மாதிரி இருக்கும். “என்னங்க, மாட்டுச்சா?” என்று நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் கேட்பார்களாம். இவன் தலையை ஆட்டுவானாம்.

பிடித்துவந்த சத்தங்களை வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு காலைப்பொழுது முழுவதையும் ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்துக்குள் கொண்டுவருவான். எனக்கும் போட்டுக் காட்டினான். வெயில் ஏறினால் நீர்ச்செடிகள் குமிழி விடுமாம். அது டிக், டிக் என்று கேட்கிறது. நீர்ப்பூச்சி ஒன்று சீப்பின் பல்லை நகத்தால் இழுப்பதுபோல ஓயாமல் கத்துகிறது. நடுவில் ஏதோ ஒரு மீன் ஏப்பம் விடுகிறது.

“டப்பாவுல பட்டாணி உருட்டற மாதிரி இருக்குடா,” என்றேன்.

“இன்னொரு தடவை கேளுக்கா.”

கேட்டேன். மூன்றாவது தடவை எனக்கும் ஏதோ ஒன்று பிடிபட்டது. ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

அவனுக்கு ஒரு விதி இருந்தது. மனிதன் சத்தம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. தூரத்து ரோட்டில் லாரி போனால், பம்ப் ஓடினால், அந்த உறுமலெல்லாம் தண்ணீருக்குள் வந்துவிடுமாம். அந்தக் கனத்த சத்தத்தை, ஹெட்போனில் கேட்கும்போதே, அடியோடு வெட்டி எறிந்துவிட்டு மேலே இருக்கும் மெல்லிய சத்தத்தை மட்டும் வைத்துக்கொள்வான். “ஆபீஸ்ல நாள் முழுக்கக் குழாய், மோட்டார், ரோடு. ஏரிக்குப் போறப்ப அந்தக் காதைக் கழட்டி வெச்சுட்டுப் போறேங்க்கா,” என்று ஒருமுறை சொன்னான். இந்தப் பேச்சை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

இனி எங்கள் தெருக் கதைக்கு வருகிறேன். எங்கள் தெரு ஏரிக்கு அந்தப் பக்கம், குழாயின் வால்பகுதியில் இருக்கிறது. விடியற்காலையில் தண்ணீர் விடுவார்கள், காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு நிறுத்திவிடுவார்கள். அது பல வருஷ வழக்கம். அந்த வருஷம் கோடை வருவதற்கு முன்பே குழாய் இளைக்கத் தொடங்கியது. முதலில் விரல் பருமன் வந்தது. அப்புறம் நூல் மாதிரி. அப்புறம் சொட்டு. தெருமுனையில் லாரி வந்து நிற்கும், பக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். என் வீடு மூன்றாவது மாடி. மாமியார் படுத்த படுக்கை. தினமும் விரிப்பை மாற்றித் துவைத்தே ஆக வேண்டிய நிலைமை. ஒரு கையில் பக்கெட், ஒரு கையில் கைப்பிடிச் சுவர், முழங்காலில் உயிர் போகும். மேலே வந்து மூச்சு வாங்கும்போது உள்ளேயிருந்து மாமியார் கேட்பாள், “குழாய்ல வந்துச்சா?” ஒவ்வொரு நாளும் அதே கேள்வி. பாவம், அவளுக்கு அழுக்கு விரிப்பில் கிடக்க வெட்கம். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் தண்ணியே குடிக்காம இருந்துக்கறேன். அப்ப விரிப்பு நனையாதுல்ல?” என்றாள். நான் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

கீழ்வீட்டில் ஒரு தையல்காரம்மா. வாய் என்றால் வாய், ஊசியைவிடக் கூர்மை. லாரியிடம் வரிசையில் நிற்கும்போது ஊரே கேட்கிற மாதிரி கேட்பாள், “உங்க தம்பிதானே கசிவு கண்டுபிடிக்கறவரு? சொந்த அக்கா தெருவுல இருக்கற கசிவு மட்டும் அவர் காதுல விழாதா?” எல்லாரும் சிரிப்பார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். நான் சும்மா விடுவேனா? “அவன் காது உங்க நாக்கு மாதிரி இல்லைங்க, வேலை இருக்கற நேரத்துலதான் வேலை செய்யும்,” என்று திருப்பிக் கொடுப்பேன். மாடி ஏறும்போது மட்டும் கூனிக் குறுகித்தான் ஏறுவேன்.

அவன் தேடாமல் இல்லை. எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் கம்பியை ஊன்றி ஊன்றிக் கேட்டான். ஏரிக்கரை மேலே அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்து கேட்டான். ஆபீஸ் வரைபடத்தில் குழாய் கரைக்கு அடியில்தான் போகிறது. கரையில் ஒரு சத்தமும் இல்லை.

“எங்கயும் விடலைக்கா. குழாய் பழசாயிடுச்சு, உள்ள அடைச்சிருக்கும்,” என்றான். முகம் சின்னதாகிவிட்டிருந்தது. நான் அதை நம்பினேன். அவன் இல்லை என்று சொன்னால் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

அந்த நாட்களில்தான் அவனுக்குப் ‘பாடகி’ கிடைத்தாள்.

ஏரியின் ஒரு மூலையில், கோரை அடர்ந்த இடத்தில், விடியற்காலையில் ஒரு சத்தம் கேட்கிறதாம். மெல்லிய நடுக்கமான குரல். ர்ர்ரீ, ர்ர்ரீ என்று ஏறும், ஒரு நொடி தயங்கும், மறுபடி ஏறும். பூச்சி என்றால் இவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்காது, மீன் என்றால் இவ்வளவு மேலே போகாது. யாரைக் கேட்டும் தெரியவில்லை. இவனே பாடகி என்று பெயர் வைத்தான். வெயில் ஏறியதும் பாட்டு நின்றுவிடும். மறுநாள் விடியலில் மறுபடி.

“கூச்ச சுபாவம்க்கா அவளுக்கு. ஆள் நடமாட்டம் வந்தா வாயை மூடிக்கறா,” என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. அவன் பெண்டாட்டியும் அதையேதான் சொன்னாள்.

ஒருநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். பாடகி அன்று வரவில்லையாம். யாராவது கோரையை வெட்டி விரட்டிவிட்டார்களோ என்று கவலை. நானும் கடுப்பில் இருந்தேன். பம்ப் ஹவுஸில் ரிப்பேர் என்று அன்றைக்குச் சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

“உன் பாடகிக்கும் லீவு, எங்க குழாய்க்கும் லீவு. ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயாவது ஊர் சுத்தப் போயிருப்பாங்க,” என்றேன். அவன் லேசாகச் சிரித்தான். நானும் சிரித்தேன். அதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்ல முடியும், சொல்லுங்கள்? எங்கள் இருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

பாடகியை நடுவில் வைத்து அவன் ஒரு பெரிய படைப்பு செய்தான். ‘மனிதர் இல்லாத காலை’ என்று அதற்குப் பெயர். இருட்டில் குமிழிகள் தொடங்கும், பூச்சிகள் ஒவ்வொன்றாகச் சேரும், எல்லாம் ஓர் இடத்தில் அடங்கும், அப்போது பாடகி எழுவாள். பொது நூலகத்து நூலகர் அம்மா அதைக் கேட்டுவிட்டு உருகிவிட்டார். நூலகத்தில் ஓர் அறையை ஒதுக்கி, சுவருக்குத் துணி அடித்து, நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் வைத்து, எல்லாரும் உட்கார்ந்து கேட்க ஏற்பாடு செய்தார். நடுவில் ஒரு நீள மரப்பெஞ்சு. அதன் அடியிலும் ஸ்பீக்கரைப் பொருத்தி, தண்ணீரின் அதிர்வை உட்காருகிறவர்கள் உடம்பாலும் உணரும்படி செய்யவேண்டும் என்பது அவர் யோசனை.

திறப்புக்கு முந்தின மத்தியானம் நான் அங்கே போனேன். வாழ்த்தப் போகவில்லை, சண்டை போடப் போனேன். தையல்காரம்மா வீட்டைக் காலி செய்யப்போவதாக அன்று காலையில் சொல்லியிருந்தாள். அவள் வாய் எப்படி இருந்தாலும், நான் லாரிக்கு ஓடும்போது என் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். “நாளைக்கு மாலை மரியாதையெல்லாம் வாங்கிக்கோ. அதுக்கு முன்னாடி எங்க தெருவுக்கு ஒரு வழி சொல்லு,” என்று சொல்ல மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அவன் அறையில் தனியாக இருந்தான். “பேசாதக்கா, ரெண்டு நிமிஷம்,” என்று கையைக் காட்டினான். பெஞ்சு அதிர மறுக்கிறது, கனத்த சத்தத்தையெல்லாம் வெட்டிவிட்டதால் அதற்குத் தீனி இல்லை என்றான். அதனால் வெட்டி எறிந்த உறுமலை முதல் பதிவிலிருந்து எடுத்து, பெஞ்சுக்கு மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தான். பெஞ்சு லேசாக நடுங்கியது. அதிர்வு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, குனிந்து, பழக்கதோஷத்தில் காதைப் பலகையில் ஒட்டிக் கண்ணை மூடினான். ரோட்டில் கம்பியில் எப்படி வைப்பானோ, அப்படியே.

மேலே பாடகி பாடிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணைத் திறந்தான். முகத்தில் ஈயாடவில்லை. மறுபடி காதை வைத்தான். கையை நீட்டி மேலே இருந்த ஸ்பீக்கர்களை நிறுத்தினான், மறுபடி போட்டான். காதை எடுக்காமல் அப்படியே பெஞ்சின்மேல் தலை சாய்ந்து கிடந்தான்.

“என்னடா ஆச்சு?”

“ஒண்ணுமில்லக்கா.”

“ஒண்ணுமில்லைனு சொல்ற மூஞ்சியா இது?”

“நீ வீட்டுக்குப் போக்கா. நாளைக்கு வா.”

அவன் குரலில் ஏதோ இருந்தது. ஒத்திகை பார்த்த சண்டையை நாளைக்கு என்று ஒத்திவைத்தேன். திறப்பு விழாப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அவன் என்ன கேட்டான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏரியை முன்பு ஒரு காலத்தில் அகலப்படுத்தியிருக்கிறார்கள். கரையைத் தள்ளிப் போட்டவர்கள் குழாயைத் தள்ளிப் போடவில்லை. வரைபடத்தில் கரையோடு சேர்த்துக் குழாய்க் கோட்டையும் நகர்த்தி வரைந்துவிட்டார்கள். குழாய் இருந்த இடத்திலேயே, இப்போது ஏரிக்கு உள்ளே, கோரைக்கு அடியில், சேற்றில் கிடக்கிறது. அதன் இணைப்பு ஒன்றில் ரப்பர் வளையம் கிழிந்திருக்கிறது. தண்ணீர் விடும் நேரத்தில் அந்தக் கிழிந்த உதடு படபடவென்று துடிக்கிறது. அதுதான் ர்ர்ரீ, ர்ர்ரீ. அந்தத் துடிப்போடு, தண்ணீர் சேற்றைக் குடைகிற உறுமலும் சேர்ந்து வந்திருந்தால் என் தம்பி தூக்கத்தில்கூடக் கசிவு என்று சொல்லியிருப்பான். உறுமலை மனிதன் சத்தம் என்று ஒவ்வொரு நாளும் அவன்தான் வெட்டி எறிந்திருக்கிறான். மிஞ்சியதற்குப் பெயர் வைத்திருக்கிறான்.

அன்று வீட்டுக்குப் போய்ப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டானாம். பெண்டாட்டி வற்புறுத்திக் கேட்டபிறகு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். “உடனே ஆபீஸுக்குச் சொல்லுங்க, அண்ணி அங்க பக்கெட்டோட சாகறாங்க,” என்றிருக்கிறாள். அதற்கு அவன், “நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு தடவை எல்லாரும் கேட்டுடட்டும். அப்புறம் சொல்லிடறேன்,” என்றிருக்கிறான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லையாம். அவளும் சரி என்று விட்டுவிட்டாள். அவன் வாழ்நாளில் தனக்கென்று எதையும் கேட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் நான் எங்கள் தெருப் பெண்களையே திரட்டிக்கொண்டு போனேன். பெருமையும் உண்டு, வீம்பும் உண்டு. என் தம்பி சும்மா ஆள் இல்லை என்று தையல்காரம்மாவுக்குக் காட்ட வேண்டாமா? லாரியிடம் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, கை காயாமலே வந்தோம். அறையில் படித்தவர்கள், பையோடு வந்தவர்கள், தாடி வைத்த ஒருவர், எல்லாரும் இருந்தார்கள். எங்களுக்குப் பெஞ்சைக் கொடுத்தார்கள். தம்பி மூலையில் சுவரோடு ஒட்டி நின்றான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், முகம் அதைவிட வெளுத்திருந்தது.

விளக்கை மங்கலாக்கினார்கள். குமிழிகள் தொடங்கின. பூச்சிகள் வந்தன. எல்லாம் அடங்கியபோது பாடகி எழுந்தாள். தையல்காரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பக்கெட் வளையம் அழுத்திக் காய்ப்பு ஏறிய அவள் உள்ளங்கை மடியில் திறந்தபடி கிடந்தது.

முடிந்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தையல்காரம்மா எழுந்து நேராக அவனிடம் போனாள். ஏதாவது குத்தலாகச் சொல்லப்போகிறாள் என்று நான் பின்னாலேயே ஓடினேன். அவள் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, உங்களை என்னென்னவோ சொல்லியிருக்கேன், மனசுல வெச்சுக்காதீங்க. தண்ணி தூக்கித் தூக்கி என் உடம்புல இருந்த வலியெல்லாம் இதைக் கேட்டதும் போயிடுச்சு.”

அவன் கையை இழுத்துக்கொண்டான். வெடுக்கென்று இழுத்தான். அவள் திகைத்துப் போனாள்.

“வேண்டாம்மா, அப்படிச் சொல்லாதீங்க. இது உங்க தண்ணி.”

“என்ன தம்பி?”

“பாடறது பூச்சி இல்ல. ஏரிக்கு அடியில குழாய் விட்டிருக்கு. உங்க தெருவுக்கு வர்ற தண்ணி அங்க போயிட்டிருக்கு. அதைக் கண்டுபிடிக்கறதுதான் என் வேலை. நான் அதை...” அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. “நான் அதைத் தினமும் உக்காந்து ரசிச்சேன். நேத்தே தெரியும். இன்னைக்குக் காலையிலயும் சொல்லல.”

அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அப்போது தாடிக்காரர் கைதட்டினாரே பார்க்கலாம்! “பிரமாதம் சார்! கேக்கறவங்களையே குத்தவாளி ஆக்கிட்டீங்க!” என்றார். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார் மனிதர். இன்னும் சிலர் சேர்ந்து தட்டினார்கள். என் தம்பி அந்தக் கைதட்டலுக்கு நடுவே நின்ற நிலையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. தரை பிளந்தால் உள்ளே போய்விடுவான் போல நின்றான். “நிறுத்துங்கய்யா!” என்று கத்தினேன். நிறுத்தினார்கள்.

எங்கள் தெருப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தையல்காரம்மா ஒன்றுமே சொல்லவில்லை. அந்த வாய்க்கு ஒன்றுமே இல்லாமல் போனது அவனுக்கு இன்னும் பெரிய அடி. ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான்.

நானும் அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமா? மாமியார் தண்ணீர் குடிக்காமல் இருந்துகொள்கிறேன் என்று சொன்னதை மட்டும் அவனிடம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்தபடியே வெளியே போனான். அங்கிருந்து நேராக ஆபீஸ்.

மண்மூட்டை அடுக்கி, ஏரியின் அந்த மூலையை மறித்து, சேற்றை இறைத்துக் குழாயைப் பிடித்தார்கள். சேற்றில் நெஞ்சளவு இறங்கி இடத்தைக் காட்டினவன் அவன்தான். கிழிந்த ரப்பர் வளையத்தை மேலே தூக்கிப் போட்டார்கள், செத்த மண்புழு மாதிரி கிடந்தது. என்ஜினீயர் அவன் முதுகில் தட்டி, “ஏரிக்கு அடியில இருக்கறதைக் கண்டுபிடிச்சிருக்கியே, காதுன்னா இதுதான்யா காது!” என்று எல்லார் முன்னாலும் மெச்சினாராம். “சார், நான் இதைப் பல நாளாக் கேட்டுட்டுத்தான் இருந்தேன்,” என்று இவன் சொல்ல, “தன்னடக்கம்!” என்றாராம். உண்மையைச் சொல்லியும் திட்டு வாங்க முடியாத துரதிர்ஷ்டம் என் தம்பிக்கு. அதற்குப்பிறகு யாராவது காது என்று கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை.

எங்கள் குழாயில் தண்ணீர் வந்தது. விடியற்காலையில் பாத்திரத்தில் விழுகிற சத்தம் கேட்டு மாமியார் படுக்கையிலிருந்து, “வந்துடுச்சா? நிஜமாவா?” என்று கூவினாள். அன்று அவள் கேட்டுக் கேட்டுக் குடித்தாள். தையல்காரம்மா கட்டின சாமானையெல்லாம் அவிழ்த்துவிட்டாள்.

தம்பி மட்டும் வரவில்லை. போன் செய்தால் பெண்டாட்டிதான் எடுப்பாள். “அண்ணி, ஏரிக்கும் போறதில்ல. குச்சி, மைக் எல்லாத்தையும் பரண்மேல போட்டுட்டார். சாப்பிடும்போது டம்ளர்ல தண்ணி ஊத்தினா எழுந்து போயிடறார்,” என்றாள்.

அறையைக் காலி செய்கிற நாள் வந்தது. நூலகர் அம்மா இருக்கட்டுமே என்று கெஞ்சிப் பார்த்திருக்கிறார். நடந்ததை ஒரு பலகையில் எழுதி வைத்தால் இன்னும் நிறையப் பேர் வருவார்கள் என்றிருக்கிறார். இவன் கேட்கவில்லை, தானே வந்து கழற்றுகிறேன் என்றிருக்கிறான். அந்த விஷயம் என் வாயிலிருந்து தையல்காரம்மா காதுக்குப் போயிற்று. அவள் துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

“வாங்க போகலாம். எனக்கு அதை இன்னொரு தடவை கேக்கணும்.”

“உங்களுக்கு எதுக்குங்க அது இனிமே?”

“அன்னைக்கு எங்க தண்ணின்னு தெரியாம கேட்டுட்டேன். தெரிஞ்சு ஒரு தடவை கேக்க வேண்டாமா?”

நாங்கள் போனபோது அவன் ஏணியில் நின்று ஸ்பீக்கரின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் இறங்கினான். அவள் கேட்டதைச் சொன்னேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் அதைக் கவனிக்காத மாதிரி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். வேறு வழியில்லாமல் போட்டான். பெஞ்சுக்குக் கொடுக்கும் உறுமலையும் சேர்த்தே போட்டான்.

குமிழிகள், பூச்சிகள், அந்த மீனின் ஏப்பம். அப்புறம் எல்லாம் அடங்கிப் பாடகி எழுந்தாள். இந்தமுறை எனக்குத் தெரியும், இது மாமியார் குடிக்காத தண்ணீர், என் முழங்கால், அந்த மாடிப்படிகள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். தையல்காரம்மாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவன் கதவோரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது. பக்கத்தில் போனேன்.

“விடுடா. தண்ணிதான் வந்தாச்சே. அவங்களே மன்னிச்சுட்டாங்க. இன்னும் எதுக்கு இப்படி நிக்கறே?”

அவன் என் பக்கம் திரும்பவில்லை.

“அதுக்கில்லக்கா. எல்லாம் தெரிஞ்சும் இப்பவும் எனக்கு இது அழகாத்தான் கேக்குது. அதான் அசிங்கமா இருக்கு.”

சுள்ளென்று ஒன்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாடகி மறுபடி ஏறினாள், ஒரு நொடி தயங்கினாள். அடுத்த ஏற்றத்துக்காக என் காதும் ஆசையாகக் காத்திருந்தது. என்னாலும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நானும் அவன் பக்கத்திலேயே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.